அவசரப்பட்ட சாட்சி

சரோஜினி மண்டியிட்டால் போதும், அந்தச் சந்துக்கே அவளிடம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

கண்ணை மூடி, "அன்புள்ள பரலோகப் பிதாவே" என்று தொடங்குவாள். வாசலில் ஒரு குரல், "அக்கா, மயில்கழுத்துக் கலர் பிளவுஸ் ஆச்சா?" என்று கேட்கும். எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்து மறுபடி முழங்கால் போட்டால் குக்கர் கூப்பிடும். அதை இறக்கி வைத்தால், மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரி நாகலக்ஷ்மி, "சரோ, தண்ணி வுட்டுட்டாங்க, ட்ரம்ம தொற!" என்பாள். ட்ரம் நிரம்புவதற்குள் போன் அடிக்கும். எடுத்தால், உங்கள் மொட்டை மாடியில் சோலார் போட விருப்பமா என்று ஒரு பெண் தேனொழுகக் கேட்பாள். வாடகை வீட்டுக்காரிக்கு ஏது மொட்டை மாடி?

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற ஒரு சந்தில் கீழ்ப் போர்ஷன் அவர்களுடையது. ஒரு ஹால், ஓர் அடுப்படி. ஹாலிலேயே கட்டில், பீரோ, தையல் மெஷின், டீவி, ஆணியில் தொங்கும் வசனக் காலண்டர், தைக்க வந்த துணிப்பைகள். இதற்குள் ஆண்டவருக்கென்று எந்த மூலையை ஒதுக்குவது? மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓர் ஆள் மண்டியிடும் அளவுக்கு இடம் இருந்தது. அதுதான் அவளுடைய ஜெப அறை. அங்கே அவள் ஒரு ஜெபத்தையாவது ஆமென் வரைக்கும் கொண்டுபோனதாகச் சரித்திரம் கிடையாது.

நல்ல காலத்தில் அது ஒரு சின்னக் குறை. கணவர் எட்மண்டின் கண்ணுக்கு ஆபத்து வந்த பிறகு அதுவே பெரிய பயமாகிவிட்டது.

எட்மண்ட் ஸ்கூல் வேன் ஓட்டியவர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று சுற்றி, தூங்கி வழியும் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார். எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல், எந்தப் பிள்ளை அழுதால் எந்தக் கதை சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்க்கரை வியாதி சத்தம் போடாமல் வந்து அவருடைய இடது கண்ணை எடுத்துக்கொண்டது. கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார் மனுஷன். உண்மை தெரிந்தபோது அந்தக் கண் முடிந்துபோயிருந்தது. அப்புறம் வலது கண்ணிலும் கறுப்பு நூல் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். வேனை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உள்ளே விழித்திரை கழன்று வருகிறது என்று ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா சரோஜினியை நிற்கவைத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "கண்ணுக்குள்ள காத்து மாதிரி ஒண்ணு அடைச்சிருக்கோம்மா. அது மேல எழும்பி நின்னு அந்தத் திரையை அழுத்திப் பிடிக்கணும். அவர் குப்புறக் கவுந்து இருந்தாத்தான் அது சரியான எடத்துல நிக்கும். தூங்கும்போதும் சரி, சாப்பிடும்போதும் சரி, முகம் தரையத்தான் பாக்கணும். நான் மறுபடி பாத்துச் சொல்ற வரைக்கும் நிமிரவே கூடாது. அவருக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். எட்மண்ட் குப்புறப் படுத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, மடித்த துண்டு போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவருக்குச் சோறு ஊட்ட வேண்டுமானால் சரோஜினி தரையில் பாயைப் போட்டுப் படுக்க வேண்டும். அவள் கீழே மல்லாந்து, அவர் மேலே கவிழ்ந்து, இருவர் முகமும் அப்போதுதான் எதிரெதிரே வரும்.

"இன்னா சரோ, இப்பிடிப் பாக்கற? கல்யாணமான புதுசுல கூட நீ இப்பிடிப் பாக்கலியே."

"வாயை மூடிட்டு சாப்பிடுங்க. பொண்ணு இருக்கா."

"இருந்தா இன்னா? அவ வேலைக்குப் போறதுக்கு மூஞ்சில மாவு பூசிகினு கீறா. நம்மள எங்க பாக்கப் போறா."

"கேக்குது டாடி," என்று கண்ணாடி முன்னாலிருந்து மகள் ஜோசலின் சொன்னாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். "டாடி, சிரிச்சி தலைய ஆட்டாதீங்க. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"தலைய ஆட்டலமா. தலை எழுத்து ஆடுது."

அவள் போன பிறகு சரோஜினி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நான் தெரியறேனா?"

"தண்ணி லாரிக்குள்ள குந்திகினு பாக்கற மாதிரி கீது. எல்லாம் அலையுது. குரல வெச்சித்தான் நீன்னு தெரியுது."

அவள் எழுந்து போய்த் தன் இடத்தில் மண்டியிட்டாள். "பிதாவே, இந்த ஒரு கண்ணை மட்டும்..." என்றபோது வாசலில் பிளவுஸ்காரி. அடுத்த நாள், "இந்த ஒரு கண்ணை..." என்றபோது, "சரோ, ஒண்ணுக்குப் போவணும், கைய புடி" என்றார் எட்மண்ட். தலைகுனிந்தபடியே அவரைக் குளியலறைக்கு நடத்திக்கொண்டு போய் வருவதற்குள் ஜெபத்தின் நுனி எங்கேயோ கைநழுவிப் போய்விடும். பாதி ஜெபம் பாதி வழியில்தான் நிற்கும், மேலே போய்ச் சேராது என்று அவளுக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். படிப்புத்தான் அரைகுறை என்றால் விசுவாசமும் அரைகுறையா என்று மனசுக்குள் அழுவாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். நாகலக்ஷ்மியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

"நீ போய்ட்டு வா சரோ. எனக்கும் சேத்து வேண்டிக்க, உங்க சாமி கோச்சிக்க மாட்டாரில்ல?" என்ற நாகலக்ஷ்மி, கட்டிலண்டை நாற்காலியைப் போட்டு முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தாள். "எட்மண்டண்ணா, நான் இங்கதான் குந்திகினு கீறேன். தலைய தூக்குன, மண்டையிலயே போடுவேன்."

"எமனே வந்தாலும் உன்னைத் தாண்டி வர மாட்டான்க்கா," என்றார் அவர் தரையைப் பார்த்தபடி.

ரோட்டைத் தாண்டி ஒரு பெயின்ட் கடையின் மாடியில் அவர்களுடைய சபை கூடும். பாஸ்டர் ஆபேல் ஐயா ரயில்வேயில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்தச் சபையில் சாட்சி இரண்டு வகை. பெற்றுக்கொண்ட நன்மையைச் சொல்வது ஒன்று. இன்னும் கைக்கு வராததை, வந்துவிட்டது என்று விசுவாசித்து எல்லார் முன்னாலும் அறிக்கையிடுவது மற்றொன்று. அதற்கு விசுவாச சாட்சி என்று பெயர். அதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். "டிக்கெட் கையில இருந்தா, ரயில் வர்றதுக்கு முன்னாடியே பிளாட்பாரத்துல போய் நிக்கறோமா இல்லையா?" என்பார் ஆபேல் ஐயா. அந்தச் சாட்சியை அரைமனதாகச் சொல்லக் கூடாது. கிடைத்துவிட்டதாகவே சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஒரு பெண் எழுந்து, மகளுக்கு வரன் கிடைத்துவிட்டதென்று விசுவாச சாட்சி சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். "வேற யாராவது?" என்று ஆபேல் ஐயா அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் சரோஜினி மேல் ஒரு கணம் நின்றது. அவளை எழுப்ப வேண்டுமென்று நின்றதோ, பரிதாபப்பட்டு நின்றதோ தெரியாது. அவளுக்குத் தன் பாதி ஜெபங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றையாவது முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்துவிட்டாள்.

"ஆண்டவர் என் வீட்டுக்காரருக்குப் பார்வையைக் குடுத்துட்டாரு," என்றாள். குரல் நடுங்கவில்லை. "அவரு நல்லாப் பாக்கறாரு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அறை அதிர்ந்தது. கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவள் கட்டிக்கொண்டாள். உபவாசம் முடித்து எலுமிச்சை சாதம் கையில் கொடுத்தபோது சரோஜினிக்குப் பசி தெரியவில்லை. திரும்பி வரும்போது ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. அதுவும் யாருக்கோ அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் ஏங்கிய சமாதானம் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்து, எட்மண்டின் முகத்துக்குக் கீழே முகத்தை வைத்துச் சொன்னாள்.

"எல்லார் முன்னாடியுமா சொன்ன?"

"ஆமாங்க."

"நல்லாப் பாக்கறேன்னா?"

"அப்பிடித்தாங்க சொல்லணும். சந்தேகப்பட்டுச் சொன்னா அது சாட்சியில்ல."

"ஐய, அதுக்கில்ல," என்றார். பிறகு, "வுடு. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்," என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு சபை ஜனங்கள் வந்தார்கள். ஆரஞ்சு, வாழைப்பழம், ஹார்லிக்ஸ். சாட்சி கேட்ட பிறகு போய்ப் பார்க்காமல் இருப்பது அவர்களிடம் வழக்கமில்லை. வாசலில் செருப்பு நிறைந்தது. நாகலக்ஷ்மி மாடிப்படியில் நின்று, "சரோ, அண்ணனுக்கு இத்தினி பேரு வேணாம்மா," என்று சைகை காட்டினாள். சரோஜினி பார்த்தாள், பார்க்காத மாதிரி டீ போடப் போனாள்.

எட்மண்ட் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். வீட்டுக்கு வந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பதை அவரால் செய்ய முடியாது. காய்ச்சலில் கிடந்தால்கூட ஆள் வந்தால் எழுந்து உட்கார்ந்து, "வாங்க" என்பார்.

"படுங்க பிரதர், படுங்க," என்றார்கள் வந்தவர்கள்.

"பரவால்லங்க. வாங்க, குந்துங்க," என்று கட்டிலில் கையூன்றி எழுந்தார். தலை கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தது. பிறகு ஒரு பெரியவர் அன்போடு அவர் மோவாயைத் தொட்டு, "என்னைத் தெரியுதா பிரதர்?" என்று கேட்டார்.

அடுப்படி வாசலில் டீத் தட்டோடு சரோஜினி நின்றிருந்தாள். எட்மண்ட் முகத்தை நிமிர்த்தினார். அவள் நின்ற பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்.

"தெரியுதுங்க. நல்லாவே தெரியுது."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

ஒரு கூட்டம் போனால் இன்னொன்று வந்தது. ஒவ்வொருவரும் தெரியுதா என்று கேட்டார்கள். அவரும் தெரியுது தெரியுது என்றார். அவள் தடுக்கவில்லை. கண்ணே தெரிகிறபோது கவிழ்ந்து எதற்குப் படுக்க வேண்டும்? அடுத்த இரண்டு நாளும் அவர் உட்கார்ந்தே சாப்பிட்டார். அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா விளக்கை வைத்து வெகு நேரம் பார்த்தார். "திரை திரும்பவும் கழண்டுடுச்சே," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, "குப்புற இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேன்மா," என்றார் எட்மண்ட் உடனே.

சரோஜினி கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தாள்.

"சில பேருக்கு எல்லாம் சரியா செஞ்சாலும் கழண்டுடும். உங்களுக்கு நிமிந்ததாலதான்னு சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இனிமே தொட்டாப் பிரயோஜனம் இருக்காதுன்னுதான் தோணுது," என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. எட்மண்டின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது மின்சார ரயிலில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். "இது பல்லாவரமா?" என்றார். "ஆமாங்க." "குரோம்பேட்டையா?" "ஆமாங்க." எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துச் சிரித்துப் பார்த்துவிட்டு, பதில் வராததால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளோடு கிடந்த மனுஷன். சரோஜினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜோசலின் வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கைப்பையைக் கழற்றக்கூட இல்லை.

"யார் நிமிரச் சொன்னா?"

"நான்தாம்மா. எனக்கே முதுகு புடிச்சிகிச்சி," என்றார் எட்மண்ட்.

"டாடி, நீங்க பேசாதீங்க." தாயின் பக்கம் திரும்பினாள். "நீ ஒரு சாட்சி சொன்ன. அதைக் காப்பாத்த அவரு கண்ணைக் குடுத்துட்டாரு. இப்ப சந்தோஷமா?"

"ஜோ!" என்று எட்மண்ட் அதட்டினார். எந்தப் பக்கம் பார்த்து அதட்டுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து அதட்டினார். அதைப் பார்த்ததும் ஜோசலின் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதாள். சரோஜினிக்கு அழுகைகூட வரவில்லை.

அதன் பிறகு அவள் சபைக்குப் போகவில்லை. ஒரு சகோதரி போன் செய்து, "சந்தேகம் உள்ள புகுந்திருக்கும் சிஸ்டர். சத்துரு, அந்தப் பிசாசு, அப்பிடித்தான் கிடைச்ச சுகத்தைத் திருடுவான்," என்றாள். சரோஜினி போனை மெஷின்மேல் வைத்தாள். அது தனியே பேசிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் எந்தச் சத்தங்கள் அவளுக்கு எதிரியாக இருந்தனவோ அவையெல்லாம் இப்போது தயவாகத் தோன்றின. பிளவுஸ்காரிகள் வரட்டும், குக்கர் கத்தட்டும், டீவி ஓடட்டும். சத்தம் நின்றால் ஜோசலினின் கேள்விதான் கேட்கும். பீரோவுக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்த இடத்தில் துணிப்பைகளை அடுக்கிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எப்போதும் அவர்தான் கோத்துக் கொடுப்பார். வேனை விட்டு இறங்கி வந்ததும் அதுதான் முதல் வேலை. பழக்கத்தில், "ஏங்க, இந்த நூலைக் கொஞ்சம்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

எட்மண்ட் நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. "குடேன். தடவித் தடவிப் பாக்கறேன்," என்றார்.

அவள் கொடுத்தாள். அவர் ஊசியின் காதைத் தேடிக்கொண்டேயிருந்தார். நூல் நுனியை எச்சில் தொட்டுத் திரித்தார். விரலில் குத்திக்கொண்டார். கடைசியில், "வெளிச்சம் பத்தல," என்றார். மெஷின் விளக்கு அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. சரோஜினி ஊசியை வாங்கிக்கொண்டு, "ஏன் அன்னிக்கித் தெரியுதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அது.

"நீ டீத் தட்டோட நின்னுகினு இருந்த. தட்டு கிடுகிடுன்னு ஆடற சத்தம் கேட்டுது," என்றார்.

ஆபேல் ஐயா ஒரு மதிய வேளையில் தனியாக வந்தார். கையில் பைபிள் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"வாங்கய்யா, உள்ள வந்து குந்துங்க," என்று எட்மண்ட் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "நானும் இப்ப தாராளமா நிமிந்து உக்காரலாம். டாக்டரே சொல்லிட்டாங்க."

ஐயா உட்கார்ந்து, வெகு நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னிக்கி நான்தான் யாராவதுன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது," என்றார். "அதுக்கப்புறம் யாரையும் அப்படிக் கேக்க எனக்கு வாய் வரல பிரதர்."

"அய்ய, நீங்க ஏன் மனச போட்டு ஒழப்பிக்கிறீங்க?" என்றார் எட்மண்ட். "அவ சொன்னது பொய்யில்லங்க. அவசரம். நான் வண்டி ஓட்டுனவன், எனக்குத் தெரியும். சிக்னல் மாறப் போவுதுன்னு நெனச்சி முன்னாடியே எடுத்துட்டா. மாறல. அவ்ளோதான். அதுக்காக அவள நடு ரோட்ல வுட்டுட்டா போவ முடியும்?"

ஆபேல் ஐயா ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சரோஜினி அடுப்படியிலேயே நின்றிருந்தாள். திட்டுவார்கள், புத்தி சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு ஒன்றும் வராதது பெரிய வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையிலேயே நாட்கள் போயின. எட்மண்ட் புதிதாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓசை நின்றால் போதும், "சரோ, இருக்கியா?" என்பார்.

"இருக்கேன். என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இருக்கியா?" முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா, ஃபேனைக் கூட்ட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் வேணாம், வேணாம். "பின்ன எதுக்குங்க கூப்புடுறீங்க?" என்று ஒரு நாள் சிடுசிடுத்தாள்.

"இருட்டுல கீறவன் கூப்புட மாட்டானா? நீ கீறியா இல்லையான்னு தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேணாம்," என்றார் அவர்.

சரோஜினி மெஷினை ஓட்டப் போனவள், காலை எடுத்துவிட்டாள். வெளியே நாகலக்ஷ்மி காய்கறி வண்டிக்காரனோடு முருங்கைக்காய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மிக்சி அரைத்தது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அத்தனைக்கும் நடுவில், தான் இதுவரை செய்த ஜெபங்களையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். கண்ணைக் கொடும், வேலையைக் கொடும், மகளுக்கு நல்லது செய்யும். கடைசியில் கேட்பதை விட்டு, கொடுத்துவிட்டார் என்று ஆண்டவர் பேரில் தானே சொல்லிவிட்டாள். பார்வை வரும் என்று நம்பினாள். ஆண்டவரை நம்பினாளா? இப்போது கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உள்ளதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் அவள் உதடு மட்டும் அசைந்தது.

"ஆண்டவரே, இருக்கீரா?"

பதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்த பாரத்தை யாரோ கூடச் சேர்ந்து பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. இறக்கவில்லை, கூடப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த ஜெபத்துக்கு ஆமென் தேவைப்படவில்லை. நடுவில் யார் கூப்பிட்டாலும் அது அறுந்துபோகிற ஜெபமும் இல்லை. அடுப்பில் பால் பொங்கியபோது எழுந்து போனாள், பாலை இறக்கும்போதும் அது நடந்துகொண்டிருந்தது.

துக்கம் போய்விட்டதென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் விடியற்காலையில் கண் விழிக்கும்போது சாட்சி சொன்ன தன் குரல்தான் அவளுக்கு முதலில் கேட்கிறது. ஜோசலின் இன்னும் தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "வரேன் டாடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். டப்பாவை வாங்கிக்கொள்கிறாளே என்று சரோஜினி அதையே பெரிதாக நினைத்துக்கொள்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை எட்மண்டே சொன்னார். "உபவாச ஜெபத்துக்கு என்னையும் இட்டுனு போ."

"உங்களையா? நீங்க வெள்ளிக்கிழமை என்னிக்கி வந்திருக்கீங்க?"

"அத்தினி பேரு பழம் எடுத்துகினு வந்தாங்க. திரும்பப் போய் ஒரு வார்த்தை பேசல. நல்லாவா கீது?"

சபையின் மாடிப்படியில் இவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை எல்லோரும் பார்ப்பார்கள். பேச்சு நிற்கும். யாராவது இடம் ஒதுக்குவார்கள், யாராவது கண்ணைத் தாழ்த்துவார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அவருக்கு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள். பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

"எங்கடாப்பா ஜோடியா?" என்று நாகலக்ஷ்மி மாடியிலிருந்து கேட்டாள். "மாப்ள மாதிரி கீறியே எட்மண்டண்ணா."

"பொண்ணு பாக்கப் போறேன்க்கா," என்றார் அவர். நாகலக்ஷ்மி சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

சந்து முனையில் வேளச்சேரி ரோடு இரைந்துகொண்டிருந்தது. பஸ், வேன், மண் லாரி, இடுக்கில் புகுந்து வரும் பைக்குகள். அந்தப் பக்கம் பெயின்ட் கடையும் மாடிப்படியும் சரோஜினிக்குத் தெரிந்தன. எட்மண்டின் கை அவள் தோளில் இருந்தது. அந்த ரோட்டில் எத்தனையோ காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறந்தவர், இப்போது ஒரு காலை முன்னே வைத்துவிட்டு உடனே பின்னால் இழுத்துக்கொண்டார். அவளுக்கும் கால் எழவில்லை. ரோட்டுக்கும் பயம், அந்த மாடிப்படிக்கும் பயம்.

"இன்னா முணுமுணுக்கற?" என்றார்.

"ஜெபம் பண்றேன்."

"இந்தக் கூச்சல்லயா? இன்னா கேக்கற, ரோடு காலியாவணும்னா?"

"ஒண்ணும் கேக்கலங்க."

ஒரு மண் லாரி அவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது. அவர் இருமினார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரி, அப்ப நிப்போம்," என்றார் எட்மண்ட். "அவசரமில்ல."

ரோடு இன்னும் காலியாகவில்லை. இருவரும் நின்றார்கள்.